அரசு வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன்: ஃபார்ம் கைக்கு வந்ததிலிருந்து ஏட்டையா வீட்டுக்கு வரும் வரை

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மத்திய அரசுத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் ஒரே மாதிரியான பிள்ளைகள் வருவார்கள். கையில் ஒரு கவர், அதற்குள் போலீஸ் சரிபார்ப்புக்காக நிரப்பித் தர வேண்டிய அட்டெஸ்டேஷன் ஃபார்ம், முகத்தில் சந்தோஷமும் பயமும் சரிபாதி. "அண்ணா, இதுல தப்பா எழுதிட்டா வேலை போயிடுமா?" என்பார்கள். எழுத்துப் பிழைக்காக யாருக்கும் வேலை போய் நான் பார்த்ததில்லை. மறைத்ததற்காகப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஃபார்மின் உச்சியிலேயே அதைப் போட்டிருப்பார்கள்: பொய்த் தகவல் தருவதும், தகவலை மறைப்பதும் தகுதியிழப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தச் சரிபார்ப்பை நீங்களாகப் போய் விண்ணப்பித்து வாங்க முடியாது. வேலை கொடுக்கும் துறைதான் உங்கள் ஃபார்மைக் காவல் துறைக்கு அனுப்பும், பதிலும் நேராக அங்கேதான் போகும். உங்கள் கையில் எந்தச் சான்றிதழும் வராது. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கும் பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) வேறு. அதைக் கொண்டுவந்து "இதை வைத்தால் போதுமா" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலுக்குள் போக வாங்கும் பாஸும் வேறு கணக்கு. உலகத் துறைமுகங்களுக்கான பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அங்கே கெடுபிடி அதிகம்.

யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கிரெடிட் கார்டு பாக்கியைப் பார்ப்பார்களா, பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைப்பார்களா என்று பயப்பட வேண்டாம். அங்கே ரகசியக் கோப்புகளைக் கையாளுபவர்களின் கடன் வரை தோண்டுவார்கள். இங்கே சாதாரணப் பணிக்கு முகவரி, படிப்பு, வழக்கு, நடத்தை, இவ்வளவுதான். அணுசக்தித் துறை, இஸ்ரோ போன்ற இடங்களுக்கு ஸ்பெஷல் செக்யூரிட்டி க்வெஸ்சனேர் என்று கூடுதலாக ஒரு படிவமும் வரும். அதையும் இதே முறையில்தான் நிரப்ப வேண்டும்.

படி 1: முகவரிப் பட்டியல்

ஃபார்மில் பேனா வைக்கும் முன் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் எங்கெல்லாம் தங்கினீர்கள் என்று மாதம், வருடத்தோடு எழுதுங்கள். ஹாஸ்டல், மேன்ஷன், உறவினர் வீடு எல்லாம் சேரும்.

நம் பக்கத்தில் இதுதான் பெரிய தலைவலி. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுகிறார்கள் என்றால், குடும்பம் இரண்டு மூன்று வருடம் வாடகைக்கு வெளியே போய்விடும். ஆதாரில் மட்டும் இடித்த பிளாக்கின் எண் அப்படியே இருக்கும். ஏட்டையா வந்து பார்த்தால் அங்கே தகரத் தடுப்பும் ஜல்லிக் குவியலும். அதனால் வாடகை வீட்டு முகவரியையும் தேதியோடு எழுதுங்கள். கதவு எண்ணும் அப்படித்தான்: ரேஷன் கார்டில் பழைய எண் 14, ஆதாரில் புதிய எண் 31 என்று இருக்கும். இரண்டையும் போடுங்கள்.

அடுத்தது காவல் நிலையம். 2022 ஜனவரியில் சென்னைக் காவல் மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தது. எண்ணூர், மணலி, சாத்தாங்காடு எல்லாம் ஆவடி ஆணையரகத்துக்குப் போய்விட்டன. முகவரியில் சென்னை என்று இருக்கிறதே என்று பெருநகரச் சென்னைக் காவல் என எழுதினால் ஃபார்ம் ஒரு ஊர் சுற்றிவிட்டு வரும்.

என் தம்பி கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் சித்தி வீட்டில் 14 மாதம் தங்கி கோச்சிங் போனதை ஃபார்மில் எழுதாமல் விட்டுவிட்டான். விசாரிக்க வந்தவரிடம் எதிர்வீட்டு அக்கா பெருமையாகச் சொன்னது: "நல்ல புள்ளைங்க, ஒரு வருஷம் விழுப்புரத்துலயே கெடந்து படிச்சான்." அவ்வளவுதான். விளக்கக் கடிதம், விழுப்புரத்துக்குத் தனியாக ஒரு விசாரணை, மூன்று மாதம் தாமதம்.

படி 2: பெயர்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே எழுதுங்கள். இனிஷியல் விரிவு, அப்பா பெயரின் எழுத்து எல்லாம் அதைப் பார்த்தே. ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், துறை கேட்கும்போது காட்ட ஒரு விளக்கம் தயாராக இருக்கட்டும். படிப்பு விவரம் 15 வயதிலிருந்து கேட்பார்கள், பாதியில் விட்ட பாலிடெக்னிக்கையும் சேர்த்து.

படி 3: 12-வது கேள்வி

பெரும்பாலான ஃபார்ம்களில் இது 12-வதாக வரும். எப்போதாவது கைதானீர்களா, வழக்கு நடந்ததா, காவலில் வைக்கப்பட்டீர்களா, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை உண்டா, ஏதாவது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போட்டுவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு.

வடசென்னையில் வளர்ந்த பையனுக்கு ஏதாவது ஒன்று இருக்கும். நண்பர்களோடு பீச் பக்கம் சத்தம் போட்டதற்கு 75 கேஸ் போட்டு, கோர்ட்டில் நிற்க வைத்து அபராதம் கட்ட வைத்திருப்பார்கள். 1888-ஆம் வருடத்துச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் பிரிவு அது. அதுவும் "நீதிமன்ற அபராதம்" தான். ஏரியாவில் அடிதடி என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவில் எழுதிக் கொடுத்த பாண்டு, "பிணைப் பத்திரம்" என்ற கேள்வியில் வரும். 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அதற்கு எண் 126. ஹெல்மெட் இல்லாமல் வண்டியை நிறுத்தி அங்கேயே கட்டிய ஃபைன் இதில் வராது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி கோர்ட்டில் கட்டியது வரும்.

ஊரடங்கு நேரத்து 188 வழக்கை, அதாவது அரசு உத்தரவை மீறியதற்கான வழக்கை, நிறைய பேர் மறந்தே போயிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனாலும் "கைதானீர்களா" என்ற கேள்விக்கு நடந்ததைத்தான் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வழக்கு முடிந்திருந்தால், ஜார்ஜ் டவுன் கோர்ட்டோ எதுவோ, அங்கிருந்து தீர்ப்பின் சர்டிஃபைட் காப்பி வாங்கி இணையுங்கள்.

எழுதினால் வேலை கிடைக்காதே என்பீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் பரிசீலித்துத்தான் எடுப்பார்கள், எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக, எழுதினால் உறுதியாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். போலீஸ் வேலைக்கு இன்னும் கறார்: தமிழகக் காவல் பணி விதிப்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். அப்படி ஒரு வழக்கு இருந்தால் ஃபார்ம் நிரப்பும் முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

18 வயதுக்குள் நடந்த விஷயம் என்றால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு பெரும்பாலும் காப்பாற்றும். இதையும் வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

படி 4: இரண்டு பேர், ஒரு கையெழுத்து

உங்களைத் தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேரின் பெயர் கொடுங்கள். ஃபோன் எடுக்கிறவர்களாக இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடையாளச் சான்றில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து கேட்டிருந்தால், நீங்கள் படித்த அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.

படி 5: ஏட்டையா வரும் நாள்

நுண்ணறிவுப் பிரிவு வேலை பார்க்கும் ஏட்டு ஒருவர் ஃபோன் செய்வார், அல்லது நேராக வந்துவிடுவார். ஆதார், ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் எல்லாம் ஒரிஜினலும் ஜெராக்ஸும் ஒரே கவரில் இருக்கட்டும். அக்கம் பக்கத்தில் விசாரிப்பார், ஸ்டேஷன் ரெக்கார்டையும் பார்ப்பார். டீ கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

இதன் பிறகு காத்திருப்புதான். 2016-இல் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி, சரிபார்ப்பு முடியும் முன்பே தற்காலிக நியமன ஆணை கொடுத்து வேலையில் சேர்க்க முடியும். பின்னால் ஏதாவது முரணாகத் தெரிந்தால் அந்த ஆணை ரத்தாகும். இடையில் வீடு மாறினால் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம், நிரப்பிய ஃபார்மை அனுப்பும் முன் எல்லாப் பக்கத்தையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், 12-இல் என்ன எழுதினோம் என்பது ஞாபகம் இருக்காது.