பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும் முன்

முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். இன்ஜினின் பல கோளாறுகள் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், உள்ளே கசிகிறது. அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

எந்த கியர்பாக்ஸ் என்பதை வாய்வார்த்தையில் நம்பாதீர்கள், இடையில் மாற்றியிருக்கலாம். உறையில் உள்ள எண்ணைப் பாருங்கள். அழிந்திருந்தால் அடியில் ஆயில் தேங்கும் தட்டின் (ஆயில் பேன்) வடிவமும் போல்ட் எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் கியர் ஆயில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. பெரும்பாலும் வண்டியைச் சூடாக்கி, பார்க்கில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும்; சில வண்டிகளில் அணைத்துவிட்டு. கையேட்டில் இருக்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் சரி. கறுத்துப்போய், கருகல் நாற்றம் அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டர் வழியாகக் கூலன்ட் கலந்திருக்கிறது; இது கருகலைவிட மோசம்.

பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். இரண்டு மூன்று நொடி யோசித்தாலோ, தடாலென்று இடித்தாலோ கவனம். ஓட்டும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறவில்லையா? கியர்பாக்ஸ் வழுக்குகிறது. பழுதுபார்க்கும் செலவைக் கழித்துத்தான் விலை பேசுங்கள்.