போரிலிருந்து திரும்பியவனை ஓவியத் திருட்டில் துப்பறிய வைப்பது எப்படி?

11 ஆண்டுகள் சீருடையில் இருந்தவன் நான். இப்போது மற்றவர்கள் எழுதும் துப்பறியும் கதைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். போர் தந்த மனக்காயத்தோடு களவுபோன ஓவியத்தைத் தேடிப் போகும் முன்னாள் படைவீரன் அவற்றில் அடிக்கடி வருவான். இரவில் அலறி எழுவான், குடிப்பான், விடிந்ததும் கழுகுக் கண்ணால் திருடனைப் பிடிப்பான்.

முதலில் அந்த அலறலை அடித்துவிடுங்கள். நான் ஒருநாளும் அலறியதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பேன். தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

கழுகுக் கண் அதைவிடப் பெரிய பிழை. ஓயாமல் எச்சரிக்கையாக இருக்கும் மனம் ஆபத்தை மட்டுமே தேடும். ஒருமுறை ஓவியக் கூடமொன்றில் அரைமணி நேரம் இருந்தேன். வாசல் இரண்டு, காவலர் மூவர், அவர்களில் ஒருவருக்கு இடது முழங்காலில் வலி. இதெல்லாம் தெரிந்தது. என்ன படம் பார்த்தாய் என்று மனைவி கேட்டபோது பதில் இல்லை. முழு நேரமும் சுவரை ஒட்டி நின்றிருக்கிறேன். படங்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

உங்கள் நாயகனையும் அப்படியே நிறுத்துங்கள். காவலில் எங்கே ஓட்டை என்பதை அவன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடட்டும். ஓவியத்தைப் பார்க்க வாசலுக்கு முதுகைக் காட்டியாக வேண்டுமே, அதற்குப் பல அத்தியாயங்கள் ஆகட்டும்.

துப்புகள் பெரும்பாலும் படத்தின் பின்புறத்தில் இருக்கும்: பழைய ஏலச் சீட்டு, சுங்க முத்திரை, கித்தானை இழுத்துக் கட்டிய ஆணித் துளைகள். முன்புறத்தில் வண்ணப்பூச்சின் விரிசல்களைப் பாருங்கள். கைரேகை போல அவை படத்துக்குப் படம் மாறும். கத்தியால் அறுத்துத் திருடினால் கித்தானின் ஓரம் சட்டத்திலேயே தங்கிவிடும். பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அன்று போலீஸ் உடையில் வந்த இருவர் ரெம்பிராண்ட் ஓவியங்களை அப்படித்தான் அறுத்தெடுத்தார்கள். போனவை 13 பொருட்கள். வெற்றுச் சட்டங்கள் அங்கே இன்னும் தொங்குகின்றன.

மீதி வேலையெல்லாம் காகிதமும் காத்திருப்பும்தான். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற வரிசையில் விடுபட்ட ஆண்டுகளைத் தேட வேண்டும். களவுபோன கலைப்பொருட்களுக்கான இன்டர்போலின் தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து 1911இல் மோனா லிசாவை எடுத்துப் போனவர் அதை விற்க முயன்று பிடிபட்டது 1913இல். எங்களைப் போன்றவர்களுக்குத் துரத்தலைவிட இந்தச் சும்மா இருத்தல்தான் கொடுமை. அதை எழுதுங்கள்.

பழைய நினைவைக் கிளறப் பட்டாசுச் சத்தம் வேண்டாம். தேய்ந்துபோன உத்தி அது. ஓவியத்தைச் சீர்செய்யும் பெண்ணின் அறையில் கரைப்பான் நெடி இருக்கும். அது அவனுக்கு ஏதோ ஒரு எரிபொருள் கிடங்கை நினைவூட்டட்டும். அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான். அந்த நேரத்தில் அவள் சொன்ன ஒரு வாக்கியம் காதில் விழாமல் போகிறது. வழக்கு அங்கே சறுக்க வேண்டும். காயத்தால் கதையில் எதுவும் கெடவில்லையென்றால் அது வெறும் ஒப்பனை.

படபடப்பு ஏறும்போது கண்ணில் படும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணுவது எங்களுக்குச் சொல்லித் தரும் பயிற்சி. அவனை ஓவியத்தின் முன் நின்று எண்ண விடுங்கள்: மஞ்சள் பாவாடை, உடைந்த குடம், நாய், நாயின் நிழல்… ஐந்தாவதாக, அங்கே இருக்கவே கூடாத ஒரு தூரிகைத் தீற்றல்.

கதை நடக்கும் காலத்தையும் கவனியுங்கள். இந்த மனக்கோளாறின் இன்றைய பெயரான PTSD (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல்) அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல். முதல் உலகப் போர் வீரன் என்றால் ‘ஷெல் ஷாக்’ (குண்டு அதிர்ச்சி) என்றே எழுதுங்கள்.

முடிவில் துப்பாக்கிச் சண்டை வேண்டாம். நெதர்லாந்தில் 2020இல் களவுபோன வான்கோ ஓவியம், 2023இல் தலையணை உறைக்குள் சுற்றப்பட்டு, ஐகியா என்ற அறைகலன் கடையின் நீல நிறப் பையில் வந்து சேர்ந்தது. உங்கள் நாயகனுக்கும் அப்படியொரு பை வரட்டும். மேசையில் வைத்து, படத்தைக் குப்புறத் திருப்பி, ஆணித் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணட்டும். பின்னால் கதவு திறந்தே கிடக்கட்டும்.