ரத்தத்தில் ஈயம், சிறுநீரில் ஆர்சனிக்: ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

லேப் ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தாலே மனசு பதறும். ஆனால் ஒரு வேதிப்பொருள் உடம்பில் இருப்பது வேறு, அது உடம்பைக் கெடுப்பது வேறு. இன்றைய கருவிகள் துளியிலும் துளியைக் கண்டுபிடித்துவிடும். அதனால் பதற்றத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, இந்த வரிசையில் படியுங்கள்.

படி 1: அலகைப் பாருங்கள்

ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் 42 என்று வந்திருக்கிறது. டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) 42 மைக்ரோகிராம் என்றால் நிலைமை தீவிரம். 45-ஐத் தொட்டாலே ஈயத்தை வெளியேற்றும் மருந்து தருவது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். லிட்டருக்கு 42 என்றால் அது டெசிலிட்டருக்கு வெறும் 4.2. எண் ஒன்றுதான், அர்த்தம் பத்து மடங்கு மாறுகிறது.

படி 2: சோதனைக்கு எதை, எப்போது எடுத்தார்கள்?

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். மீனோ இறாலோ சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் கொடுத்தால் மொத்த ஆர்சனிக் எகிறியிருக்கும். கடல் உணவில் பெரும்பாலும் இருப்பது ஆர்சனோபீட்டைன் என்ற ஆர்சனிக் வடிவம். அது தீங்கில்லாமல் வெளியேறிவிடும். நஞ்சாவது கனிம (கார்பனோடு சேராத) ஆர்சனிக்தான். அதனால் சில நாள் கடல் உணவைத் தவிர்த்துவிட்டு, கனிம ஆர்சனிக்கைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பிளாஸ்டிக்கில் பயன்படும் பிஸ்பீனால்-ஏ உடம்பில் சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறையும். ஒருமுறை எடுத்த சிறுநீர் அன்றைய கதையை மட்டும்தான் சொல்லும். காட்மியம் என்ற உலோகமோ சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கும். புகைபிடிப்பவர்களிடம் அது கூடுதலாகவே இருக்கும்.

அப்புறம், நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்து, எண் குறைவாகத் தெரியும். கிரியாட்டினினுக்கு (தசையிலிருந்து சிறுநீரில் வரும் கழிவுப்பொருள்) ஏற்பத் திருத்திய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் தோலில் ஒட்டிய ஈயமும் கலந்திருக்கலாம். அதில் கூடுதலாக வந்தால் கையிலுள்ள ரத்தக் குழாயிலிருந்து (சிரை) ரத்தம் எடுத்து உறுதி செய்யவேண்டும்.

படி 3: வரம்பு எதைக் குறிக்கிறது?

'ரெஃபரன்ஸ்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஊரோடு ஒப்பிடும் அளவுதான், ஆபத்தின் எல்லைக்கோடு அல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் குழந்தைகளின் ஈயத்துக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று வைத்தது. அங்கே 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் மிக அதிக அளவுள்ள 2.5 சதவீதத்தினரைப் பிரித்துக் காட்டும் கோடு அது. அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று பொருளில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

படி 4: மூலத்தைத் தேடி, மறுபடி சோதியுங்கள்

பழைய பெயிண்ட், குடிநீர்க் குழாய், வேலை செய்யும் இடம், நாட்டு மருந்து எல்லாவற்றையும் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மருந்து கொடுத்தால் யாருக்குமே எண் ஏறும்; ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான வரம்பும் கிடையாது.

ரத்தத்திலுள்ள ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் பல வருடம் சேர்ந்தது எலும்பிலிருந்து மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மூலத்தை நீக்கிய பிறகும் எண் மெதுவாக இறங்கினால் மனம் தளராமல், மருத்துவர் சொன்ன இடைவெளியில் சோதனையைத் தொடருங்கள்.