புது ஹெட்போன் ஆம்ப 200 மணி நேரம் ஓட விடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இதப் படிங்க

டெஸ்க்டாப் ஹெட்போன் ஆம்ப், அதாவது ஹெட்போனுக்குப் போற சத்தத்தப் பெருக்கிக் குடுக்குற டப்பா, வாங்குனா ராத்திரி பகலா 200 மணி நேரம் பாட்டு ஓட விட்டாத்தான் சவுண்டு செட் ஆகும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருக்கு. பதில மொதல்லயே சொல்லிருதேன். டிரான்சிஸ்டர், ஐசி வச்ச சாதா ஆம்புக்கு இப்படி ஓட விட்டுப் பழக்குற 'பர்ன் இன்' தேவையே இல்ல, சூடு ஏற அரை மணி நேரம் குடுத்தா போதும். கண்ணாடிக் குழாய் வச்ச வால்வு ஆம்புக்கு மட்டும் கொஞ்சம் கூட வேணும். அதுக்குப் பதிலா ஒரு சாயங்காலம் உக்காந்து பாக்க வேண்டிய சோலி நாலஞ்சு இருக்கு, சவுண்டு நெசமாவே மாறுறது அதுலதான், அதத்தான் எழுதுதேன்.

மொதல்ல உள்ள என்னதான் மாறும்னு பாத்துருவோம். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் மாசக்கணக்கா குடோன்ல சும்மா கெடந்தா அதுக்குள்ள இருக்குற ஆக்சைடு படலம் லேசா வலுவிழக்கும், கரண்டு குடுத்ததும் அது திரும்ப ஒழுங்காயிரும், அதுக்கு வாரக்கணக்குல ஆகாது. கிளாஸ் ஏ ஆம்புன்னா சூடு ஏற ஏற பயாஸ் கரண்டு, அதாவது பாட்டு இல்லாதப்பவும் உள்ள ஓடிக்கிட்டே இருக்குற கரண்டு, கொஞ்சம் நகரும், இருபது முப்பது நிமிஷத்துல நின்னுரும். அவ்வளவுதான். ரெசிஸ்டரும் ஆப்ஆம்புங்கிற ஐசியும் 150வது மணி நேரத்துல திடீர்னு நல்லா வாசிக்கக் காரணமே கெடயாது. வால்வு கத வேற, புது வால்வுல எலக்ட்ரான் வர்ற அளவு மொத சில பத்து மணி நேரத்துல மெல்ல நிலைக்கு வரும், சிலதுல ஆரம்பத்துல கரகரன்னு சத்தம் வந்து போகும். அதுக்குன்னு தனியா ஓட விடாம, நீங்க பாட்டு கேக்குற நேரத்துலயே அது நடந்துட்டுப் போகட்டும், ஏன்னா வால்வுக்கு ஆயுசு இத்தன மணி நேரம்னு ஒரு கணக்கு இருக்கு, ஆளில்லாத ரூமுல ஓடுறதும் அந்தக் கணக்குலதான் சேரும்.

நம்ம ஊர்ல இன்னொன்னு. சித்திரை வெக்கையில பாளையங்கோட்டையில வெளிய 40 டிகிரி அடிக்கும்போது பூட்டுன ரூமுக்குள்ள ஆம்ப் டப்பா எவ்வளவு சூடாகும்னு யோசிச்சுக்கிடுங்க. கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடுனா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு பொதுவா ஒரு கணக்கு உண்டு. பர்ன் இன்னுங்கிற பேர்ல ஷெல்ஃபுக்குள்ள மூடி வச்சு நாள் முழுக்க ஓட விடுறது ஆம்புக்கு நல்லது செய்யுற மாதிரி தெரியல.

அப்ப ரெண்டு வாரம் கழிச்சு நெசமாவே நல்லா கேக்குதேன்னு கேப்பீங்க. கேக்கும், நான் இல்லன்னு சொல்லல. ஆம்புக்கு வெளிய மூணு விஷயம் மாறியிருக்கும். உங்க காது அந்த சவுண்டுக்குப் பழகியிருக்கும். வால்யூம் உங்களுக்கே தெரியாம ஒரு கோடு மேல போயிருக்கும். மூணாவது ஹெட்போன் பேடு, இதத்தான் யாரும் கண்டுக்கிட மாட்டாங்க, ஃபோம் அமுங்கி காதுக்கும் டிரைவருக்கும் (உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர்) நடுவுல தூரம் கொறஞ்சா சவுண்டு அளந்து பாக்குற அளவுக்கு மாறும், மூடுன வகை ஹெட்போனா இருந்து ஓரத்துல காத்து ஒழுகுனா பாஸ் அப்படியே இறங்கிரும். நம்ம ஊரு வேர்வைக்கு ரெக்சின் மாதிரி இருக்குற பேடு ஒண்ணு ரெண்டு கோடையிலேயே உரிஞ்சு காதுல ஒட்ட ஆரம்பிக்கும், அத மாத்துனா வர்ற வித்தியாசம் எந்த பர்ன் இன்னுலயும் வராது.

சரி, வாங்குன அன்னைக்கு என்ன செய்யணும்? ஹெட்போன சொருகுறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுங்க. ஆம்புக்குப் பாட்டு எதுவும் குடுக்காம வால்யூம முழுசா கீழ வச்சு ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க. ஒரு காலி பிளக்க சொருகி மீட்டர டிசி மில்லிவோல்ட்ல வச்சு நுனிக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒரு தடவ, நடு வளையத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒரு தடவ பாருங்க, ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம பைய வைங்க. 10, 20 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதியா தூங்கலாம். 50-ஐத் தாண்டுனா ஹெட்போன மாட்டாம கடைக்காரருக்கு போன் போடுங்க, அந்த டிசி டிரைவர் காயில சும்மாவே ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு இருக்கும். பேலன்ஸ்டு அவுட்புட் (ரெண்டு காதுக்கும் நெகட்டிவ் ஒயர் தனித்தனியா வர்றது) இருக்குற ஆம்புன்னா இன்னொரு எச்சரிக்கை, அந்த 4.4 மில்லிமீட்டர் ஓட்டையில அடாப்டர் போட்டு சாதா 3.5 பிளக்க சொருகாதீங்க, ரெண்டு பக்க நெகட்டிவும் ஒண்ணா ஷார்ட் ஆகி ஆம்பே போகலாம்.

இதெல்லாம் சரியா இருந்தா மொத வாரம் தினமும் நல்லா உபயோகிங்க. எலெக்ட்ரானிக்ஸ் சாமான்ல கோளாறு இருந்தா பெரும்பாலும் ஆரம்பத்துலயே காட்டிக் குடுத்துரும், அதுக்காகவே சில ஃபேக்டரியில சரக்க அனுப்புறதுக்கு முன்னாடி சூடுபடுத்தி ஓட விட்டுப் பாப்பாங்க. ஒரு பக்கம் சத்தம் கம்மி, நாபு திருப்பையில கரகரப்பு, ஆன் பண்ணையில காதுல 'டப்'புனு அடி, இதெல்லாம் அந்த வாரத்துல தெரிஞ்சுரும். '200 மணி நேரம் ஆகட்டும், சரியாயிரும்'னு யாராவது சொன்னா ரிட்டர்ன் கடைசி தேதிய ஒரு தடவ பாத்துக்கிடுங்க, பல தடவ அது அதுக்குள்ள முடிஞ்சு போயிருக்கும்.

ரெண்டு ஆம்ப ஒப்பிட்டுப் பாக்கணும்னா சத்தத்த சமமா வைக்காம பாக்குறது வெட்டி வேல. ஒண்ணு லேசா கூட இருந்தா நம்ம காது அத 'சத்தம் கூட'ன்னு சொல்லாது, 'தெளிவா இருக்கு, பாஸ் நல்லாருக்கு'ன்னுதான் சொல்லும். ரெண்டுக்கும் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள்ள இருக்கணும், வோல்ட் கணக்குல சொன்னா ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆடாசிட்டிங்கிற சவுண்டு எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒண்ணு உருவாக்கி ஓட விடுங்க, ஹெட்போன் காதுல வேண்டாம், ஆனா ஸ்ப்ளிட்டர் வழியா மாட்டியே இருக்கட்டும், அப்பத்தான் லோடு இருக்கும். ஸ்ப்ளிட்டரோட இன்னொரு பக்கம் ஏசி வோல்ட் அளங்க. மொத ஆம்புல 300 மில்லிவோல்ட் வந்தா ரெண்டாவதுலயும் 297லேருந்து 303க்குள்ள கொண்டுவந்து நாபு இருக்குற இடத்துல பென்சில்ல ஒரு கோடு. இதுல ஒரு சிக்கல் இருக்கு, ஜங்ஷன் கடையில கெடைக்குற சின்ன மஞ்ச மீட்டர்ல டிசி மில்லிவோல்ட் இருக்கும், ஆனா ஏசி பக்கம் பாத்தா 200 வோல்ட், 600 வோல்ட்னு ரெண்டே ரேஞ்சுதான் இருக்கும், அதுல 300 மில்லிவோல்ட்ட அளக்கவே முடியாது. ஏசியிலயும் 2 வோல்ட் ரேஞ்சு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

அப்புறம் கூட ஒரு ஆள வச்சுக்கிடுங்க. தம்பியோ மச்சானோ யாராவது உங்களுக்குத் தெரியாம காசு சுண்டிப் பாத்து ஒயர மாத்தி மாட்டணும், பூவா தலையான்னு தாள்ல எழுதிக்கிடணும், நீங்க எந்த ஆம்புன்னு சொல்லணும். பத்து தடவ. குருட்டாம்போக்குல சொன்னாலே பத்துக்கு அஞ்சு வந்துரும். எட்டு சரியா வந்தாலும் சந்தேகம்தான், ஒன்பதுக்கு மேல வந்தா உங்க காதுக்கு நெசமாவே ஏதோ தெரியுதுன்னு ஒத்துக்கிடலாம், ஏன்னா சும்மா குத்துமதிப்பா ஒன்பதோ பத்தோ வர்றதுக்கு நூத்துல ஒரு வாய்ப்புதான். பர்ன் இன்ன இதே மாதிரி சோதிக்கணும்னா ஒரே மாடல்ல ரெண்டு வேணும், ஒண்ணு ஓடுனது, ஒண்ணு டப்பா பிரிக்காதது. அதுக்கு வழியில்லன்னா ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டர்ல சத்தத்தப் பதிவு பண்ணுற டப்பா) இருக்குற நண்பர்கிட்ட போயி மொத நாளே ஆம்ப் அவுட்புட்ட அளந்து வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் கழிச்சு அதே வால்யூம்ல திரும்ப அளங்க, ரூம் ஈக்யூ விசார்டுன்னு இலவச சாஃப்ட்வேர் போதும். ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு கெடந்தா பேச்சு முடிஞ்சது.

கேக்குறதுக்கு என்ன போடலாம்? எனக்கு நல்லா பதிவு பண்ணுன வில்லுப்பாட்டுதான் பிடிக்கும். குடத்துல அடிக்கையில பாஸ் எப்படி நிக்குதுன்னு தெரியும், ஜால்ராவுல மேல் சத்தம் கூசுதான்னு தெரியும், நடுவுல மனுசக் குரல் வேற இருக்கு. ஃபேன நிப்பாட்டிட்டுக் கேளுங்க, தெறந்த வகை ஹெட்போன்ல ஃபேன் சத்தம் அப்படியே உள்ள வந்து நுணுக்கத்தையெல்லாம் முழுங்கிரும், மே மாசத்துல அது நடக்குற காரியமான்னு கேட்டா விடியக்காலைல அஞ்சு மணிக்கு உக்காருங்க, வேற வழியில்ல. கோயில் கொடைக்குப் போயி ராத்திரி முழுக்க ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுட்டு மறுநாள் வந்து ஆம்ப எடை போடாதீங்க, காது மந்தமாதான் இருக்கும்.

சவுண்டு உண்மையிலேயே மாறுற இன்னொரு இடம் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப் அவுட்புட்டுக்குள்ளயே இருக்குற தடை, ஓம் கணக்குல சொல்லுவாங்க. ஹெட்போன் ஓம் அளவுல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும்னு சொல்லுவாங்க. காரணம் எளிமையான கணக்கு. பல டிரைவர் வச்ச இயர்போன் ஒண்ணு ஒரு இடத்துல 8 ஓமும் வேற இடத்துல 40 ஓமும் காட்டுதுன்னு வைங்க, ஆம்ப் அவுட்புட் 10 ஓம்னா அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 5 டெசிபல் வித்தியாசம் விழும், அது வேற இயர்போன் வாங்குன மாதிரி. சென்ஹைசர் ஹெச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போனுக்கு அவுட்புட் 100 ஓம் உள்ள வால்வு ஆம்ப் போட்டாலும் பாஸ்ல ஒரு டெசிபல் பக்கம் வீங்குறதோட நின்னுரும், பலருக்கு அது பிடிக்கவும் செய்யும். எத்தன மடங்கு பெருக்கணும்னு மாத்துற கெய்ன் சுவிட்சு இருந்தா லோ-வுல ஆரம்பிங்க. அதே 2 வோல்ட்டுக்கு 300 ஓம்ல 13 மில்லிவாட்டுதான், 32 ஓம்ல 125 மில்லிவாட், அதனால சின்ன ஓம் ஹெட்போன ஹை கெய்ன்ல போட்டா நாப லேசா அசைக்கும்போதே காது கிழியும், நாபு அடியில இருக்கையில ரெண்டு பக்கமும் சத்தம் சமமா வராது வேற.

கடைசியா கரண்டு. உம்முனு ஒரு சத்தம் வந்தா மொதல்ல லேப்டாப் சார்ஜர புடுங்கிப் பாருங்க, நின்னுட்டா அது கிரவுண்டு லூப், அதாவது ரெண்டு சாமானோட எர்த் வழியா சுத்துற கரண்டு, ஆம்ப் மேல தப்பு இல்ல. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுங்க, அப்பவும் போகலன்னா கம்ப்யூட்டர்லேருந்து டாக்குக்கு (DAC, டிஜிட்டல் பாட்ட ஆம்புக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குறது) ஆப்டிகல் கேபிள் போடுங்க, அதுல கரண்டு பாயாது. உலோக டப்பாவத் தொட்டா விரல்ல சுர்ருனு இருந்தா எலெக்ட்ரீசியன விட்டு எர்த்த பாக்கச் சொல்லுங்க, பழைய வீடுகள்ல மூணு ஓட்டை பிளக் இருக்கும், பின்னாடி எர்த் ஒயரே போயிருக்காது, போயிருந்தாலும் கரியும் உப்பும் போட்ட குழி கோடையில காஞ்சு கெடக்கும், ரெண்டு குடம் தண்ணி ஊத்துனாலே தேறும். சத்தம் நிக்குதுன்னு பிளக்கோட எர்த் பின்ன மட்டும் வெட்டிராதீங்க, உசுரோட வெளையாடுற வேல அது. வீட்ல இருக்குறது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா டிரான்ஸ்ஃபார்மர் வச்ச ஆம்ப் கரண்டு போன நேரத்துல உர்ருனு உறுமும், அந்த நேரத்துச் சத்தத்த வச்சு ஆம்ப் மோசம்னு முடிவு கட்டி ரிட்டர்ன் போட்டுராதீங்க, லைன் கரண்டு வந்தப்பறம் ஒரு தடவ கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.