கேட்டுக்குள்ளதானே இருக்கு: சைக்கிளைப் பூட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் ஒரு கல்லூரித் தம்பி புது கியர் சைக்கிள் வாங்கி வந்தான். முன் சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்து ஒரு கேபிள் லாக்கைப் போட்டான். வண்டியைத் தூண் ஓரமாக நிறுத்திவிட்டு மாடியேறக் கிளம்பினான். "கம்பியோட சேத்துப் பூட்டுப்பா" என்றேன். "கேட்டுக்குள்ளதானே அண்ணா இருக்கு. வாட்ச்மேன் தாத்தாவும் இருக்காரு" என்றான். 2017இல் வேளச்சேரியில் குடியிருந்தபோது நான் சொன்னதும் இதுவேதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பூட்ட மறப்பது, சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பூட்டிய பிறகும் சைக்கிள் காணாமல் போகிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சைக்கிளைச் சைக்கிளோடே பூட்டுவது

அப்பா காலத்து சைக்கிளில் பின் சக்கரத்திலேயே பூட்டு இருக்கும். லீவரை அழுத்தினால் வளைந்த கம்பி ஸ்போக்குகளுக்கு நடுவே போய்ப் பொருந்தும், சாவி கையோடு வந்துவிடும். அப்போது அது போதுமானதாக இருந்தது. அந்த வண்டி ஏறக்குறைய 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு யாராவது நடந்தால் டீக்கடையில் நிற்பவர் "யார் வண்டிப்பா அது?" என்று கேட்டுவிடுவார். இன்றைய ஹைபிரிட் சைக்கிள் 12, 13 கிலோதான். ஒரே ஆள் தூக்கி லோடு ஆட்டோவில் வைத்துவிடலாம். நாம் இன்னும் சக்கரம் உருளாமல் இருந்தால் சரி என்று நினைத்துப் பூட்டுகிறோம்.

என் சைக்கிள் போனது ஒரு மழைக்கால அதிகாலையில். ஐந்தரைக்கு இறங்கி வந்தபோது, மழைக்குப் போட்டிருந்த கவர் தூண் அடியில் சுருண்டு கிடந்தது. ஸ்டாண்டு ஊன்றியிருந்த இடத்தில் சிமெண்ட் தரையில் காசு அளவுக்கு ஒரு துருக்கறை. கேபிளை வெட்டியிருந்தால் ஒரு கம்பித் துணுக்காவது கிடந்திருக்கும், அதுவும் இல்லை. பூட்டை யாரும் தொடவே இல்லை. கேமராவில் பார்த்தோம்: மூன்று மணி சுமாருக்கு ஒருவர் உள்ளே வந்து, பூட்டிய சைக்கிளை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போகிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாட்ச்மேன் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பகலில் வேறோர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

வண்டியின் விலை 27,000 ரூபாய். அது போன பிறகும் ஏழு மாதம் தவணை கட்டினேன். இன்றுவரை ஆறாதது அந்தப் பணம் அல்ல. படிக்கட்டு கிரில் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. கேபிள் எட்டவில்லை, நகர்த்தி நிறுத்த சோம்பல், விட்டுவிட்டேன். இதே காட்சியை வேறு வேறு அடுக்ககங்களில் இப்போதும் பார்க்கும்போது கோபமே வருகிறது.

கார் நிறுத்தும் தளத்துத் தூண்கள் பருமனானவை, யூ லாக் (U வடிவ இரும்புப் பூட்டு) அவற்றைச் சுற்றாது. 10 மி.மீ. கனமுள்ள கண்ணிகளோடு நீளமான சங்கிலி வாங்கினால் சுற்றலாம். கிரில் பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிது. நான் இப்போது செய்திருப்பது வேறு. வெல்டிங் பட்டறையில் சைக்கிளைப் பூட்டுவதற்காக 12 மி.மீ. கம்பியை வளையமாக வளைத்து இரும்புத் தகட்டில் பற்றவைத்து வாங்கி, சுவரில் நான்கு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். முடுக்கிய பிறகு நட்டின் மேல் வெல்டிங்கில் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள், பிறகு ஸ்பேனருக்கு வேலை இல்லை. கான்கிரீட் தூணில் துளை போட வேண்டாம், கட்டடத்தைத் தாங்குவது அது. ஹாலோ பிளாக் சுவரில் போல்ட் சரியாகப் பிடிக்காது. அசோசியேஷனில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதோடு பூட்டுகிறோம் என்று பார்க்காதது

பூட்டும் முன் அந்தக் கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், அண்ணாந்தும் பாருங்கள். மேலே தடுக்க ஒன்றும் இல்லாத குட்டைக் கம்பமென்றால் சைக்கிளைப் பூட்டோடு மேலே தூக்கி உருவிவிடலாம். மழைநீர்க் குழாய் பிளாஸ்டிக். இளமரமும் வேண்டாம், வண்டியோடு மரமும் போகும்.

முன் சக்கரத்தை மட்டும் பூட்டுவது

கியர் சைக்கிள்கள் பலவற்றில் கருவி இல்லாமலே சக்கரத்தைக் கழற்றும் குயிக் ரிலீஸ் இருக்கிறது. லீவரைத் திறந்து இரண்டு சுற்றுச் சுற்றினால் முன் சக்கரம் கையோடு வந்துவிடும். அப்புறம் பூட்டில் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை ஒன்று உண்டு. சீட்டுக்குக் கீழே, ஃப்ரேமின் பின் முக்கோணத்துக்குள் பின் சக்கர ரிம் இருக்கும் இடத்தில் யூ லாக்கை நுழைத்துக் கம்பத்தோடு பூட்ட வேண்டும். ஃப்ரேமைத் தனியாகச் சுற்ற வேண்டியதில்லை, அந்த முக்கோணத்திலிருந்து சக்கரத்தை உருவ முடியாது. விலை அதிகமான பின் சக்கரமும் தப்பும். முன் சக்கரத்துக்குக் குயிக் ரிலீஸை எடுத்துவிட்டு ஆலன் கீ போட்டுத் திருகும் ஆக்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்பர் லாக்

மலிவானது வேண்டவே வேண்டாம்.

தடிமனைப் பார்த்துப் பூட்டு வாங்குவது

விரல் பருமன் கேபிளில் பாதி பிளாஸ்டிக் உறைதான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிப் புரிகளை ஒரு வெட்டுக்கருவி நொடியில் வெட்டிவிடும். விலை கூடினாலும் பூட்டின் உள்ளமைப்பைக் கேளுங்கள். 2004இல் அமெரிக்காவில், குழாய் வடிவச் சாவி போடும் உயர்ரக யூ லாக்குகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடலால் திறந்து காட்டினார்கள். தயாரித்த நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்த வகைச் சாவியைக் கண்டால் நான் வாங்குவதில்லை.

பூட்டும்போது யூ லாக்குக்குள் இடைவெளி குறைவாக இருக்கட்டும், கடப்பாரை நுழைய இடம் இருக்கக் கூடாது. பூட்டு தரையில் கிடக்கக் கூடாது, தரைமேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பது சுலபம். சாவித்துளை கீழே பார்த்திருந்தால் மழைநீரும் இறங்காது.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய்

விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகிச் சாவி திரும்பாது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கடற்கரை ஊர்களில் மாதம் ஒருமுறை விடுங்கள்.

ஃப்ரேம் நம்பரைக் குறித்து வைக்காதது

காவல் நிலையத்தில் முதலில் கேட்டதே அதைத்தான். "கறுப்பு கலர், ஹேண்டில்ல பச்சை டேப்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பில்லிலும் நம்பர் எழுதியிருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெரும்பாலும் பெடல் ஆக்சில் போகும் குழாயின் அடியில் பொறித்திருப்பார்கள். சேற்றைத் துடைத்து போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து மெயிலில் போட்டு வையுங்கள். வண்டி போனால் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். போன வாரம் அந்தத் தம்பியோடு உட்கார்ந்து அவன் சைக்கிளைக் கவிழ்த்து, முதலில் இந்த நம்பரைத்தான் எடுத்தோம். சுவரில் பூட்டு வளையம் இந்த ஞாயிறு போடுகிறோம்.

பில் இல்லாத பழைய சைக்கிளை வாங்குவது

பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். என்னுடையதையும் யாரோ பில் கேட்காமல்தான் வாங்கியிருப்பார்.