சேஜெப் பிரெஞ்சு உதவி நிலையம்: எங்கள் பிள்ளைகள் விடும் தவறுகள்

மொன்றியலில் ஒரு சேஜெப்பின் (கியூபெக்கில் பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் கல்லூரி) பிரெஞ்சு உதவி நிலையத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் ஆட்கள் விட்ட அதே தவறுகளை இப்போது வரும் பிள்ளைகளும் விடுகிறார்கள். அறை தெரியவில்லை, நேரம் பதிய மறந்துவிட்டேன் என்பதெல்லாம் ஒரு கிழமையில் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

"எனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே"

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். 1977இல் வந்த 101ஆம் இலக்க (கியூபெக்கின் பிரெஞ்சு மொழி) சட்டத்துக்குப் பிறகு, இங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அம்மாவுக்கு டொக்டரிடம் மொழிபெயர்ப்பதும் அப்பாவுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை வாசிப்பதும் அவர்கள்தான். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு உதவி நிலையம் என்றதும், புதிதாக வந்தவர்களோடு சின்ன வயதில் இருத்திவைத்த "அக்கேய்" வகுப்புத்தான் நினைவுக்கு வருகிறது. திரும்பவும் அங்கேயா என்ற ரோசம்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் வளர்ந்த தம்பி ஒருவனை முதல் தவணையிலேயே வரச் சொன்னேன். "அக்கா, நான் என்ன போன வருசம் வந்த ஆளோ?" என்றான். அவன் பேச்சில் ஒருவரும் குறை பிடிக்க முடியாது. கட்டுரையில்தான் வினைச்சொற்களின் ஈறுகள் எல்லாம் தாறுமாறு. பிரெஞ்சில் "பார்லே" என்று காதில் விழும் ஒன்றையே பல விதமாக எழுதலாம். எந்த இடத்தில் எது சரி என்பதை இலக்கணம் தெரிந்தால்தான் சொல்லலாம். காதை நம்பி எழுதிப் பழகியவர்களுக்கு அந்தப் பிழை கண்ணில் படுவதேயில்லை.

படிப்பு முடியும் கட்டத்தில் கியூபெக் முழுவதற்கும் ஒரே பிரெஞ்சுப் பரீட்சை. நாலரை மணித்தியாலம், 900 சொற்களில் இலக்கியக் கட்டுரை. கருத்து, அமைப்பு, மொழி மூன்றிலும் தேற வேண்டும். மொழியில் 30 பிழையைத் தாண்டினால் கருத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரிவராது. முப்பது சொல்லுக்கு ஒரு பிழை. மூன்று வரிக்குள் அது வந்துவிடும்.

தம்பி தோற்றான். மற்றப் பாடங்கள் எல்லாம் பாஸ். இந்தப் பரீட்சை தேறாமல் "டெக்" என்ற சேஜெப் டிப்ளோமா கிடையாது. அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தான். அவனுடைய பிழைகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இரண்டே வகை: வினை ஈறு, ஒருமை பன்மை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வந்திருந்தால் முதல் வருடத்திலேயே தீர்ந்திருக்கும். நினைக்க நினைக்க இன்னும் கோபம் வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளை.

கட்டுரையைக் கொடுத்து "திருத்தித் தாங்கோ" என்பது

திருத்தித் தரமாட்டோம். பிழை உள்ள வரியைக் காட்டுவோம், எங்கே என்று நீங்கள்தான் தேட வேண்டும். இதில் மனம் விட்டுப்போய் இரண்டாம் தடவை வராதவர்கள் நிறையப் பேர். பரீட்சையில் உங்கள் பிழையை நீங்களே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயிற்சி.

"என் வயதுப் பிள்ளை எனக்கென்ன சொல்லித் தருவது?"

பல சேஜெப்புகளில் சொல்லித் தருபவர்களும் மாணவர்களே. அதற்கென்று பயிற்சி எடுத்து, ஆசிரியரின் மேற்பார்வையில் செய்கிறார்கள். போன வருடம் அதே பாடத்தை எழுதியவருக்கு உங்கள் தடுமாற்றம் சட்டென்று விளங்கும்.

அன்ரிடோட் இருக்கிறதே என்று இருப்பது

விசேட அனுமதி இல்லாதவர்களுக்குப் பரீட்சை மண்டபத்தில் அந்தப் பிழை திருத்தும் மென்பொருள் இல்லை. புத்தகமாக உள்ள அகராதியும் இலக்கணமும்தான்.

பரீட்சைக்கு முதல் கிழமை வருவது

அந்த நேரம் வந்தால் நாங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை. தவணை தொடங்கியதும் வாருங்கள்.