முதல் வருட இன்டர்னலில் மார்க் குறைந்துவிட்டதா? எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு

நீட்டில் நல்ல மார்க் வாங்கி வந்தவர்களே அனாடமியின் (உடற்கூறியல்) முதல் இன்டர்னலில், அதாவது கல்லூரியே நடத்தும் உள்தேர்வில், தடுமாறுவது எல்லா பேட்ச்சிலும் நடக்கிறது. நீட்டில் நான்கு விடைகளில் ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். இங்கே வெற்றுத்தாளில் படத்தோடு எழுதணும், அப்புறம் வைவாவில் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லணும். படிக்கும் முறையை மாற்றாமல் நேரத்தை மட்டும் கூட்டினால் மார்க் ஏறாது.

முதலில் திருத்திய விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூச்சம் வேண்டாம், எங்கே மார்க் போனது என்று திருத்தியவரிடமே கேளுங்கள், பெரும்பாலானவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். பிராக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பீர்கள், ஆனால் சி5 முதல் டி1 வரையிலான நரம்பு வேர்களைக் காட்டும் படம் இருக்காது, அதன் மேல் ட்ரங்க் (மேல் நரம்புத் தண்டு) அடிபட்டால் வரும் எர்ப்ஸ் பால்சி என்ற கை வாதம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. படித்தும் மார்க் போவது இப்படித்தான்.

அடுத்து, அன்றைக்கு நடத்தியதை அன்று இரவே புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள், வரையுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. கலர் கலராக அடிக்கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வு ஹாலில் கை ஓடாது. ஸ்பாட்டருக்கு (வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) ஸ்லைடையும் எலும்பையும் நேரில் பார்ப்பதற்கு மாற்று இல்லை. வைவாவுக்கு ரூம்மேட்டைக் கேள்வி கேட்கச் சொல்லி, சத்தமாகப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

விட்டுப்போன பாடங்களை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இப்போது நடக்கும் பாடம்தான் முதலில். பழையதை, பல்கலைக்கழகத்தின் பழைய கேள்வித்தாள்களில் அடிக்கடி வருகிற தலைப்புகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிடியுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் புரியாததும் ஆங்கிலம் புரியாததும் வேறு வேறு. தமிழில் புரிந்துகொண்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள். விடைத்தாளில் அழகான ஆங்கிலத்தை யாரும் தேடுவதில்லை, சரியான கலைச்சொல்லும் தெளிவான படமும் போதும்.

அட்டென்டன்ஸை விடாதீர்கள்: தியரிக்கு 75, பிராக்டிக்கலுக்கு 80 சதவீதம், குறைந்தால் பல்கலைக்கழகத் தேர்வே எழுத முடியாது. ஃபெயில் ஆனால் சப்ளி (மறுதேர்வு) உண்டு. ஆனால் முதல் வருடப் பாடங்களை முடிக்க மொத்தம் 4 வாய்ப்புகள்தான், அதுவும் சேர்ந்த 4 ஆண்டுகளுக்குள். மேற்படிப்பை நினைத்து இப்போதே பயப்பட வேண்டியதில்லை, எம்.டி., எம்.எஸ். சீட்டை நீட் பி.ஜி. ரேங்க்தான் தீர்மானிக்கிறது, முதல் வருட இன்டர்னல் மார்க்கை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் அதைப் படிப்புப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், உங்கள் கல்லூரியின் மனநலத் துறைக்கே போகலாம், தெரிந்தவர்கள் முன்னால் வேண்டாம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.